கூரை வழியே போன புகை

காலையில் பால் தீய்ந்துவிட்டது. அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறேன். எழுந்து ஓடியபோது பாத்திரம் கருகி, புகையெல்லாம் நீ வைத்த குழாய் வழியே கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. "என்னங்க, மூக்கு இருக்கா இல்லையா?" என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

அந்தக் குழாய்க்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? கும்பகோணத்தில் வீட்டு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நீ. நம் வீட்டுக்கும் விதிப்படி பக்கவாட்டில் இடம் விட்டுத்தான் வரைந்தாய். நான்தான் அக்னி மூலை, அக்னி மூலை என்று சமையலறையை மதில் வரைக்கும் இழுத்துக் கட்டவைத்தேன். நம்மூரில் காகிதத்தில் விடுகிற இடத்தைத் தரையில் யார் விடுகிறார்கள்? புகை போக வைத்த ஜன்னலுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு வைக்கோல் போர். "ஒரு பொறி போதும். அப்ப வாஸ்துவா வந்து அணைக்கும்?" என்றாய். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, கூரையைத் துளைத்து, போருக்கும் மேலே குழாயை ஏற்றி, அதன் வாயில் கம்பிவலையும் கட்டவைத்த பிறகுதான் ஓய்ந்தாய்.

பக்கத்து வீட்டுக்காரி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அதுவரை அந்த ஜன்னல் வழியாகத்தான் நீங்கள் இருவரும் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்வீர்கள். முகத்தில் அடித்தாற்போல் அடைத்துவிட்டார்கள் என்று பேச்சையே நிறுத்திவிட்டாள். காரணத்தைச் சொல்லித் தொலையேன் என்றேன். "சொன்னா போரைத் தள்ளிப் போடணும்னு நினைப்பாங்க. அவங்களுக்கு வேற இடம் ஏதுங்க?" என்றாய். என்னையும் சொல்ல விடவில்லை. நீ போன அன்று அவள் வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனாள்.

இப்போது அங்கே போரும் இல்லை. மெஷின் வந்து வயலிலேயே வைக்கோலைச் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது.

இன்று தன் வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவள் கரும்புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நம் சமையலறைக்குள். "அக்கா இருந்தவரைக்கும் இந்தக் குழாயில இப்படிப் புகை வந்ததில்லையேண்ணே" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடைத்த செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள், சுவரைப் பார்த்து.

கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். வீடு மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது. சாயங்காலக் காப்பிக்குப் பாலை வைத்துவிட்டு அடுப்படியை விட்டு நகராமல் நிற்கிறேன். நீ இத்தனை காலம் வாய் திறக்காமல் காத்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன். அதற்காகத் திட்டவாவது நீ இருந்திருக்கலாம்.