வயிற்றில் பட்டாம்பூச்சி

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுறாங்களா? நான் சௌக்கியம்.

இன்னைக்கு எனக்குக் கால் தரையில நிக்கலை அப்பா! மனக்கலக்கம் இருக்கான்னு கண்டுபிடிக்க எங்க ஆஸ்பத்திரியில ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறோம். எல்லா மொழியிலயும் அது ஒரே மாதிரி வேலை செய்யுதான்னு பார்க்கிறதுதான் என் வேலை. ஒரு கேள்விக்கு, இந்த ஊருக்கு வேலைக்கு வந்திருக்கிற நம்ம தமிழ்க்காரங்க எல்லாரும் 'இல்லை'ன்னே எழுதியிருந்தாங்க. "உங்க ஆளுங்களுக்குப் பயமே கிடையாதா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எடுத்துப் பார்த்தா, படபடப்புக்கு இங்கிலீஷ்ல சொல்றதை வார்த்தைக்கு வார்த்தை 'உங்கள் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றனவா?'ன்னு மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க!

சிகிச்சைக்கு வந்த வெல்டர் அண்ணன்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடிம்மா"ன்னு சிரிச்சார்.

"சரி, வயித்துல புளியைக் கரைக்குதா?"

சிரிப்பு நின்னுடுச்சு. "தினமும் கரைக்குதும்மா."

டாக்டரம்மா அவரை உட்கார வெச்சுப் பேசினாங்க. இப்ப நல்லாத் தூங்குறாராம். அப்புறம் நிறையப் பேர்கிட்ட அப்படியே கேட்டுப் பார்த்தோம். மத்த மொழிக்காரங்களோட பதிலும் இவங்க பதிலும் ஒத்துப்போகுதுன்னு இன்னைக்கு முடிவு வந்துச்சு. என் கேள்வியைத்தான் அச்சடிக்கப் போறாங்க!

ஒரு சின்ன உதவி. போன்ல பேசி முடிச்சதும் உடனே வெச்சுடாதீங்க. பக்கத்துல வெச்சுட்டு நீங்களும் அம்மாவும் உங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருங்க. நான் கேட்டுக்கிட்டே சமைச்சுடுவேன்.

டாக்டரம்மா கூப்பிடுறாங்க, ஓடுறேன்.

உங்கள் மகள்