சுபினின் கல்லீரலுக்காக ஒரு ஜெபம்

1999 மார்ச் 2, ஈஸ்ட் பிரன்ஸ்விக்

ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடி ஊர்களில் எத்தனை பேர் உடம்பில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருக்கிறது என்ற கணக்கை, மருந்து கம்பெனி ஆபீசில் முடித்தேன். பக்கத்து சீட் ராஜலக்ஷ்மி எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம் இவங்க" என்றாள். இங்கே அமெரிக்காவில் நம் தமிழ் ஆட்களை யாராவது எண்ணினார்களா? 21ஆம் தேதி எங்கள் தமிழ் சர்ச்சில் அதற்கு ரத்தப் பரிசோதனை வைக்கிறோம். நிறையப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 5

மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று என் தம்பி சுபின் முன்னதாகவே டெஸ்ட் செய்துகொண்டான். பாசிட்டிவ். லிவர் இப்போதைக்கு நன்றாக இருக்கிறதாம். ஜூனில் ஜெபினாவோடு கல்யாணம். அவளிடம் சொல்லிவிட்டான். அவள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை. அவள் அப்பா சுந்தர்சிங் அங்கிளிடமும் சொல்லியே தீருவானாம். "மறைச்சுக் கட்டிக்கச் சொல்றியாக்கா?" இல்லை. ஆனால்—

மார்ச் 12

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, மைக்கில், "ஆண்டவரே, சுபின் தம்பியின் கல்லீரலைத் தொட்டருளும்." எல்லாக் கண்களும் திறந்துகொண்டன.

போய்க் கேட்டேன். "ஜெபக் குறிப்புதான மக்களே. நான் யாருட்டயும் சொல்லலியே."

சொல்லலையாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 14

ஞாயிறு ஆராதனை முடிந்து டீ. சுபின் எடுத்த தட்டிலிருந்து அப்புறம் ஒருத்தரும் சமோசா எடுக்கவில்லை. சாப்பாட்டில் ஒட்டாதுன்னு எத்தனை தடவதான் சொல்றது? எல்லாரும் பிஎச்டி வேற. டெஸ்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக போன்: 21ஆம் தேதி கெஸ்ட் வராங்களாம்.

அங்கிள் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கும் சின்ன வயதில் நாகர்கோவிலில் மஞ்சள் காமாலை வந்ததாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்து, எண்ணெய் ஒதுக்கி, அத்தோடு போச்சாம். போச்சா இல்லையா, யார் பார்த்தது?

மார்ச் 21

வந்தது ஒரே குடும்பம். ஜெபினா அப்பாவை இழுத்து வந்திருந்தாள், பின்னால் அவள் அம்மா எலிசா ஆன்ட்டி. "அப்பா, யூ ஃபர்ஸ்ட்." எனக்கெதுக்கு என்றபடியே கையை நீட்டினார்.

மார்ச் 27

அங்கிள் தனியாக வீட்டுக்கு வந்தார். மற்ற இருவருக்கும் இல்லை, அவருக்கு இருக்கிறதாம். காபியைத் தொடவே இல்லை.

"யாருட்டயும் சொல்லிராத மக்களே." வாசல்வரை போய்த் திரும்பினார். "ஜெபத்துலகூட வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நாக்குவரை வந்தது. அவர் ஷூவைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "சொல்ல மாட்டேன் அங்கிள்" என்றேன்.

ஏப்ரல் 9

ஜெபினா முதல் ஊசி போட்டுக்கொண்டாள், அப்பாவைக் கேட்காமல்.

ஜெபக்கூட்டத்தில் அங்கிள் யார் பெயரும் சொல்லவில்லை. முடிந்ததும் சுபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்தே ஒரு சமோசா எடுத்தார்.

"மாப்ள, அடுத்த வாட்டி டாக்டர்ட்ட போகும்போ என்னையும் கூட்டிட்டுப் போறியளா?"