வெட்டிப் போட்ட பெயர்

வியாழக்கிழமை. பர் துபாய், ரூம்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போன வாரம் எங்கள் ஃபிரேம் கடைக்கு ஒரு பெரியவர் பழைய படம் ஒன்று கொண்டுவந்தார். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து மந்திரி ஒருவர். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். தாடியின் ஒவ்வொரு மயிரும் தனிக் கோடு. முகத்துக்குக் கீழே பெயரும் பதவியும்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன் ரெடிமேட் ஃபிரேம் ஒன்றை எடுத்து வைத்தார். படம் அதில் அடங்கவில்லை.

"அண்ணே, கீழ வெட்டுனா பேரு போயிரும்," என்றேன்.

"பேர யாருடா பாக்கப் போறா? வெட்டு. கலாஸ், வேலை முடிஞ்சுது."

வெட்டினேன்.

இன்று பெரியவர் வந்து, படத்தின் கண்ணாடிமேல் விரலை வைத்து, பெயர் எங்கே என்று கேட்டார். அண்ணன் கூசாமல் இங்கிலீஷில் சொன்னார், இவன் புது ஆள், படிக்கத் தெரியாதவன் என்று.

ஒன்பது வருஷமாக இங்கே இருக்கும் நான் புது ஆள். பி.ஏ. வரலாறு முடித்த நான் படிக்கத் தெரியாதவன்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்டிய துண்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. குப்பையில் போட மனம் வராமல் வைத்திருந்தேன். அதை எடுத்து அண்ணன் முன்னாலேயே உரக்க வாசித்திருக்க வேண்டும். "சாரி சார்" என்றேன். த்தூ.

துண்டை இந்த டைரிப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். நாலு தடவை வாசித்துவிட்டேன். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.