அம்மா போடாத கையெழுத்து

அன்புள்ள அப்பா,

வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு வரும்படி அம்மாவிடம் சொன்னீர்களாம். பழைய பேப்பரை அரைப்பதெல்லாம் ஒரு வேலையா என்றும் கேட்டீர்களாம்.

நேற்று சனிக்கிழமை, அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போனேன். பேப்பரைப் பஞ்சுபோல் அரைத்து, தீப்பிடிக்காமல் இருக்க போராக்ஸ் தூள் கலக்கிறார்கள். வெயிலைத் தடுக்க அதை வீட்டுக் கூரைக்கு அடியில் நிரப்புவார்களாம். அம்மா ஒரு பிடி எடுத்து நெருப்புக் காட்டிச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் லோரியில் ஏறும்.

நேற்று அந்தப் பிடியை முகர்ந்ததுமே அம்மா நின்றுவிட்டார்.

"முறுக்கு எண்ணெய் வாசம் வருது."

"பசிக்குதா அக்கா? லோரி காத்துக்கிட்டு இருக்கு லா, சைன் போடுங்க," என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

அம்மா நெருப்பைக் காட்டினார். பஞ்சு குப்பென்று பற்றிக்கொண்டது.

"இது பிள்ளைங்க தூங்குற ரூமுக்கு மேல போறது தம்பி. வேலைய விட்டுத் தூக்கினாலும் போட மாட்டேன்."

லோரி காலியாகத் திரும்பியது. சூப்பர்வைசர், "திங்கக்கிழமை பெரிய ஆபீஸ்ல வந்து பேசுங்க," என்றார்.

அது தீபாவளிக்குப் பிறகு எங்கள் பள்ளி சேர்த்துக் கொடுத்த பேப்பர், அப்பா. முறுக்கு சுட்டு எண்ணெய் வடிய விரித்த பேப்பரையும் சேர்த்து வீடு வீடாக வாங்கி வந்தது நான்தான். பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன்.

"அடுத்த வருஷம் நீயே மோந்து பார்த்து வாங்கு," என்றார். அவ்வளவுதான்.

நாளை அம்மாவுக்கு வேலை இருந்தால், விடச் சொல்லாதீர்கள். போய்விட்டால், நல்லதாகப் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மூத்த மகள்