ஊசி போடாமல் ரயிலேறிய தம்பிக்கு

என் கண்ணான தம்பி அருளுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. உனக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் திட்டத்தான் வருகிறது, அப்புறம் அழுகை. இன்று அழுதுவிட்டே உட்கார்ந்திருக்கிறேன். தைரியமாகப் படி.

அந்தக் காலை ஞாபகமிருக்கிறதா? புயலடித்த கடற்கரையில் ஊர் ஊராகக் காலரா. நம் சபைச் சங்கம் மருந்துப்பெட்டியும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து எட்டுப் பேரை அனுப்பியது. புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக நீ. காலரா ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவனை நிறுத்தியது யார்? காரியதரிசி நான்தானே! வழியனுப்பு ஜெபம், மாலை, ஃபோட்டோ என்று என் தடபுடல். "ஊசிய அங்க போய்ப் போட்டுக்கலாம்டா, ஃபோட்டோக்காரர் காத்துட்டிருக்கார்" என்றேன். அங்கே ஊசிமருந்து தீர்ந்துபோயிருந்தது. இரண்டு வாரத்தில் உன் சாவுத் தந்தி வந்தது.

அந்த ஃபோட்டோவில் நடுவில் நீதான் சிரிக்கிறாய். பாவி.

அதற்கப்புறம் சங்கத்தில் சண்டைபோட்டு ஒன்று செய்தேன். ஆபத்து வந்தபிறகு ஆள் தேடுவதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை எல்லோருக்கும் ஊசி. சம்பளத்தோடு லீவு தர அவரவர் முதலாளியிடம் முன்பே கடிதம். மாலை கிடையாது, ஃபோட்டோ கிடையாது.

போன வாரம் மறுபடி வெள்ளம், மறுபடி காலரா. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் எட்டுப் பேரின் ஊசிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். நம் டாக்டர் மட்டும் இந்த முறை ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க இறங்குங்க" என்றேன்.

"டாக்டர் இல்லாத டீம் என்ன டீம்மா? அங்க ஜனங்க சாகுது!"

"ஊசி போடாத டாக்டர் அங்க இன்னொரு நோயாளி, ஐயா."

சங்கத் தலைவர்கூடக் கெஞ்சினார். நான் அசையவில்லை. ரயில் அவரில்லாமல் போனது.

நான் செய்தது சரியா, அருள்? இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு அவர் கிளம்ப ஆன இந்த ஒரு வாரத்தில் அவர் கைக்காக அங்கே எத்தனை பேர் காத்திருந்தார்களோ? தூக்கமில்லை எனக்கு. நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

இன்று காலை டாக்டரும் ரயிலேறினார். கோபம் தீரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போட்ட இடத்தைக் காட்டி, "ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு. இன்னும் வலிக்குதும்மா, போதுமா?" என்றார்.

"வலிக்கட்டும்" என்றேன். உன் கையும் ஒரு நாள் இப்படி வலித்திருந்தால் போதுமே, தம்பி.

இனி எங்கள் செலவில் போகிற ஒருவன் கையையும் பார்க்காமல் ரயிலேற்றமாட்டேன். உன்மேல் ஆணை.

உன் கையைப் பார்க்காமல் அனுப்பிய
அக்கா மரியம்மாள்
ரிச்சர்ட்ஸ் டவுன்