ஜனாதிபதி எந்தப் பக்கம்?

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுறேன். எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் அஞ்சு வாரமா பேனாவை எடுத்து எடுத்து வச்சேன், இன்னைக்குத்தான் பொய் கலக்காம அதை எழுத முடியுது. நீயும் மாப்பிள்ளையும் வயித்துல உதைக்கிற குட்டியும் சுகம்தானே? கால் வீக்கம் வடிஞ்சுதா? உட்காரும்போது காலைத் தொங்கப் போடாதே.

போன்ல நீ கேட்டப்பல்லாம் மழுப்பினேன், இப்ப சொல்றேன். உன் அப்பாவும் உன் மாமனாரும் முகம் கொடுத்துப் பேசாம இருந்தாங்க. சொத்துச் சண்டை இல்லை, ஜனாதிபதி சண்டை. உன் மாமியார் போனதுலேருந்து சம்பந்திக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாடு நம்ம வீட்லதானே, அன்னைக்கும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஜனாதிபதி அரசாங்க பஸ் கம்பெனியில பாதியைத் தனியாருக்கு வித்துட்டான், வேலையை விட்டுத் தூக்குறதையும் சுலபமாக்கிட்டான், அவன் அசல் வலதுசாரின்னு உன் அப்பா சொன்னார். மருந்து விலைக்கு உச்சவரம்பு வச்சவன், பென்ஷனை ஏத்தினவன், அவன் சுத்த இடதுசாரி, உங்க ஆளுதான்னு சம்பந்தி சொன்னார். ரெண்டு பேருக்குமே அவரைப் பிடிக்காது, அதான் வேடிக்கை. அடங்காத பிள்ளையை உன் வீட்டுப் பிள்ளை உன் வீட்டுப் பிள்ளைன்னு மாத்தி மாத்தித் தள்ளிவிடுற மாதிரி இருந்தது. நான் சிரிச்சுக்கிட்டே பரிமாறினேன், அதுக்குள்ள பேச்சு தடிச்சுடுச்சு. பஸ் கம்பெனியில முப்பது வருஷம் மாசச் சம்பளம் வாங்கினவருக்கு வியாபாரம் என்ன தெரியும்னு சம்பந்தி கேட்க, மருந்துக் கடை வச்சு நோயாளி பயத்துல காசு பார்த்தவருக்கு ஏழை வயிறு என்ன தெரியும்னு உன் அப்பா கேட்க, சம்பந்தி பாதிச் சாப்பாட்டுல கையைக் கழுவிட்டுப் போயிட்டார். மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்னு எனக்கு மட்டும் சேதி அனுப்பினார், உன் பிரசவத்துக்கு அங்க வர நாங்க மூணு பேரும் போட்டிருந்த டிக்கெட்ல தன்னோடதை ரத்து பண்ணப் போறாராம்.

உன் அப்பா வீம்பு உனக்குத் தெரியாததா, நீ வேணா போய்க் கெஞ்சுன்னுட்டார். போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்குற சாக்குல சம்பந்தி கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே காஞ்ச ரொட்டியைத் தண்ணியில நனைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். பார்க்கச் சகிக்கலைம்மா. ஞாயித்துக்கிழமை நீங்க வரலேன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாதுன்னு சொல்லிட்டு, பதிலுக்கு நிக்காம வந்துட்டேன். வந்தார். வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், இவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

எங்க தையல் ஃபாக்டரியில அளவு வெட்டுற அட்டைத் துண்டு கொஞ்சம் கொண்டு வந்திருந்தேன். ஜனாதிபதி எந்தப் பக்கம்னு அப்புறம் பார்க்கலாம், அவர் செஞ்சதை ஒண்ணொண்ணா எழுதி, இடது, வலது, நடுன்னு மேஜையில வைங்கன்னேன். அவர் எங்க முதலாளிக்கு வரியைக் குறைச்ச அதே மாசம்தான் அவர் சட்டத்தால எங்களுக்குக் குழந்தைகளை விடுற அறையும் வந்தது, அதை எந்தப் பக்கம் வைக்கன்னு எனக்கே புரியலைன்னேன். முதல்ல முறைச்சாங்க, அப்புறம் ரெண்டு பேருக்கும் கை ஊறிடுச்சு. பதினொரு அட்டையில ஒன்பதுக்குச் சண்டையே இல்லை! பஸ் வித்தது வலதுன்னு சம்பந்தியே வச்சார், மருந்து விலை இடதுன்னு உன் அப்பாவே வச்சார். கொஞ்சம் முறுக்கிக்கிட்டு பென்ஷனும் இடது பக்கம் போயிடுச்சு. கடைசி அட்டையில மாட்டிக்கிட்டாங்க, குழந்தை பிறந்தா அப்பனுக்கு ஒரு மாசம் லீவு. தொழிலாளி உரிமை, இடதுன்னார் இவர். குடும்பத்தைக் காப்பாத்துறது எப்படி இடதாகும், அது எங்க பக்கம்னார் அவர். இந்த ஒண்ணை மட்டும் ரெண்டு பேருமே தன் வீட்டுப் பிள்ளைன்னு இழுத்தாங்க.

எனக்கு என்னமோ வாயில வந்துடுச்சு. உங்க உங்க பிள்ளை பிறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு கேட்டேன். உன் அப்பா டிப்போவுல பஸ்ஸுக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்தார், உன்னை மூணாம் நாள்தான் பார்த்தார். சம்பந்தி அட்டையைக் கீழே வச்சார். சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தேன், வந்துட்டாரா வந்துட்டாரான்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தாளாம்னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். உன் அப்பா எழுந்து போய் அவருக்குத் தட்டு வச்சார். அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை தப்புன்னு தட்டைப் பார்த்தே சொன்னார். என்னோடதும்தான்னார் அவர். அதுக்கப்புறமும் சாயங்காலம் வரைக்கும் ஜனாதிபதியைக் கிழிச்சாங்க, ஆனா இந்தத் தடவை ஒரே பக்கம் உட்கார்ந்து.

சம்பந்தி டிக்கெட்டை ரத்து பண்ணவே இல்லையாம், கை வரலையாம். மூணு பேரும் வர்றோம். மாப்பிள்ளை அந்த ஊர்ல கிடைக்கிற லீவை ஒரு நாள் விடாம எடுக்கணும்னு ரெண்டு அப்பாவும் சொல்லச் சொன்னாங்க, வேலை அவசரம்னு சாக்குச் சொன்னா நான் பேசிக்கிறேன். இரும்பு மாத்திரையை மறக்காதே. பயப்படாம இரு, நல்லபடியா பெத்தெடுப்பே, என் ஆசீர்வாதம் உங்க ரெண்டு பேருக்கும், பிறக்கப் போற குட்டிக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, குழந்தை பிறந்த பிறகும் நீ யார் பக்கம்னு ரெண்டு அப்பாவும் உன்கிட்ட கேட்பாங்க. பதில் சொல்லாதே, குழந்தையைக் கையில கொடுத்துடு.

உன்னைப் பார்க்க நாள் எண்ணிக்கிட்டு இருக்கிற
அம்மா