இருநூற்றுப் பத்து கிராம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. முந்தாநாள் போனில் நீ கேட்டபோது குழந்தை தூங்குகிறான் என்றேன். தூங்கவில்லை, பால் குடிக்காமல் அழுது ஓய்ந்து கிடந்தான். போனில் சொல்ல நாக்கு எழவில்லை.

குழந்தை பிறந்த நாலாம் நாள் கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்தேன். முப்பது வருடமாக ஊரார் தராசையெல்லாம் பழுது பார்க்கிறவனுக்குப் பேரனை நிறுத்துப் பார்க்க ஆசை இருக்காதா? பிறந்தபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிராம், அன்றைக்கு இருநூற்றுப் பத்து குறைவு. படிக்கல் வைத்துச் சரிபார்த்தேன், தராசில் பிழை இல்லை. என் தொழிலில் எடை குறைந்தால் ஒன்று தராசு தப்பு, இல்லை யாரோ ஏமாற்றுகிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது. மருமகளிடம் பால் போதவில்லையா என்று எப்படிக் கேட்பது, நான் அறை வாசலில் நின்றாலே எழுந்து நிற்கிற பெண். அவள் குளிக்கப் போகும்போதும் கண் அயரும்போதும் பால் பவுடரைக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தேன். நாலு நாள். மடமடவென்று குடித்தான், எடை ஏறியது, தராசைப் பார்த்துச் சிரித்தேன். உன் அம்மா இருந்திருந்தால் பாட்டிலைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டிருப்பாள்.

அதன்பிறகு அவன் தாயிடம் வாய் வைக்கவில்லை. மடியில் போட்டாலே முதுகை வளைத்துக் கத்துகிறான். என் பால் அவனுக்குப் புடிக்கல மாமா என்று இவள் அழுதாள். அதைக் கேட்டும் பாட்டில் கொடுத்ததை அவளிடம் மறைத்தேன் தம்பி.

நேற்று வீட்டுக்கு வந்த சுகாதார நிலைய நர்ஸ் பார்த்தவுடனே பாட்டில் குடுத்தீங்களா என்றார். மருமகள், இல்லை என்றாள். நான்தான் என்றேன். பெரியவரே, மொத வாரம் எடை இறங்கத்தான் செய்யும், ரெண்டு வாரத்துல அதுவா ஏறும், எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே என்றார். பாட்டிலில் பால் தானாக வாயில் கொட்டுமாம். தாயிடம் வாயை அகலத் திறந்து, இழுத்து, காத்திருக்க வேண்டுமாம். முதல் நாட்களில் பழகியதையே சில குழந்தைகள் பிடித்துக்கொள்ளுமாம், குழந்தை இழுக்காவிட்டால் பால் ஊறுவதும் குறையுமாம். திரும்புவானா என்று கேட்டேன். நிறைய புள்ளைங்க திரும்பிடும், இவன் திரும்புவான்னு எழுதியா குடுக்க முடியும் என்றார்.

அவர் போனபிறகு மருமகள் தராசைத் தூக்கி வந்து என் கையில் வைத்தாள். இதக் கடையிலயே வைங்க மாமா, பால் போதுமான்னு தெரிய அவன் நனைக்கிற துணிய நான் எண்ணிக்கிறேன் என்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. இப்போது அவள் எடுத்துத் தருகிற தாய்ப்பாலைச் சின்னக் கிண்ணத்தில் அவன் உதட்டோரம் பிடிக்கிறேன். பூனைக்குட்டி மாதிரி நக்குகிறான், பாதி என் சட்டைக்குத்தான். இன்று காலை தாயிடம் நாலு தடவை இழுத்தான், விட்டுவிட்டான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பானோ, தெரியவில்லை.

திட்டுவதானால் என்னைத் திட்டு. போன் செய்யும்போது குழந்தை எடையைக் கேட்காதே, அவள் சாப்பிட்டாளா என்று கேள். நீங்கள் மூவரும் நல்லா இருக்க வேண்டும். அவன் சிணுங்குகிறான், கிண்ணத்தை வெந்நீரில் போட வேண்டும்.

உன் அப்பா